எஸ்டிமேட்டில் வந்த எட்டு வார்த்தைகள்

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு கிராமம். மூன்று ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம். ஒன்றரை ஏக்கரில் தென்னை, மீதியில் நெல். குடியிருப்பது தாத்தா காலத்து வீடு. ஒன்றரை அடி கனத்தில் மண்சுவர், மேலே நாட்டு ஓடு. போன ஐப்பசி மழையில் பின்பக்கக் கூரை சரிந்துவிட்டது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் மகன், தனக்குத் தெரிந்த என்ஜினீயர் ஒருவரிடம் பேசி எஸ்டிமேட் வாங்கி போனில் அனுப்பி வைத்தார். பழைய வீட்டை முழுதாக இடித்துவிட்டு 600 சதுர அடியில் புது வீடு. மொத்தத் தொகைக்குக் கீழே தனியாக ஒரு வரி: 'கிரீன் பேக்கேஜ்: ரூ.2,10,000'.

கிணற்றைத் தூர்வாரி ஆழப்படுத்த அந்தக் குடும்பம் சேர்த்து வைத்திருந்த பணமும் ஏறக்குறைய அவ்வளவுதான். கோடையில் தென்னைக்குத் தண்ணீர் எட்டவில்லை. வீட்டுக்கு அந்தப் பணத்தைப் போட்டால் கிணறு இன்னும் இரண்டு வருஷம் தள்ளிப்போகும்.

பேக்கேஜுக்குள் என்ன இருக்கிறது என்று பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தார். கிரீன், சஸ்டெயினபிள், எனர்ஜி எஃபிஷியன்ட், யூ வேல்யூ, தெர்மல் மாஸ், கூல் ரூஃப், எம்பாடிட் எனர்ஜி, நெட் ஜீரோ. எட்டு வார்த்தைகள்.

"வார்த்தைக்கு எவ்வளவு ஆகுதுன்னு கணக்குப் போடு பாப்பா" என்றார் அப்பா. 26,250 ரூபாய் வந்தது.

சிரித்துவிட்டாலும், அவர் கேட்டது சரியான கேள்வி. உர மூட்டையில் 17-17-17 என்று போட்டிருந்தால், 100 கிலோவில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எத்தனை கிலோ என்று விவசாயிக்குத் தெரியும். 'ரொம்பச் சத்தான உரம்' என்று மட்டும் அச்சடித்திருந்தால் யாரும் மூட்டையைத் தொடமாட்டார்கள். வீடு கட்டுவதில் புதிதாக வந்திருக்கும் சொற்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு எண் இருக்கிறதா? அந்த எண் எந்த அளவில் சொல்லப்படுகிறது? எண் இருக்கும் சொல்லுக்கு விலை பேசலாம். இல்லாத சொல்லுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

எண் இல்லாத இரண்டு சொற்கள்

'சஸ்டெயினபிள்' என்பதை நீடித்த, நிலைத்த என்று தமிழில் எழுதுகிறார்கள். 1987இல் ஐக்கிய நாடுகள் சபை அமைத்த குழு ஒன்று இதற்கு விளக்கம் தந்தது. வருகிற தலைமுறையின் தேவைக்குக் கைவைக்காமல் இன்றைய தேவையைப் பார்த்துக்கொள்வது என்பது அதன் சாரம். விதைநெல்லைக் குத்திச் சாப்பிடக் கூடாது என்று சொன்னால் நம் ஊரில் உடனே புரியும். நல்ல எண்ணம்தான். ஆனால் இதற்குத் தனியாக ஒரு அளவு கிடையாது. எஸ்டிமேட்டில் இந்தச் சொல் வந்தால் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போகலாம்.

'கிரீன் பில்டிங்' கொஞ்சம் வேறு. 'ஆர்கானிக்' என்ற சொல்லோடு இதை ஒப்பிடலாம். யார் வேண்டுமானாலும் கத்தரிக்காய்க் கூடையில் ஆர்கானிக் என்று எழுதி ஒட்டலாம். சான்றிதழ் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. கட்டடத்துக்கும் அப்படிச் சான்று தரும் அமைப்புகள் இருக்கின்றன. இந்தியத் தொழில் கூட்டமைப்பு 2001இல் தொடங்கிய இந்தியப் பசுமைக் கட்டட மன்றம் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று தரம் பிரிக்கிறது. டெரி நிறுவனமும் மத்திய அரசின் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகமும் சேர்ந்து உருவாக்கிய கிரிஹா முறையில் ஒன்று முதல் ஐந்து நட்சத்திரம் வரை உண்டு. தண்ணீர், மின்சாரம், கட்டுமானப் பொருள், கழிவு என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டுவார்கள்.

ஆகவே 'கிரீன் ஹோம்' என்று ஒருவர் சொன்னால், எந்த முறையில், எந்தத் தரம் என்று கேட்க வேண்டும். இந்த எஸ்டிமேட்டில் அப்படி எதுவும் இல்லை. சின்ன வீட்டுக்குச் சான்றிதழ் வாங்கி ஆகப்போவதும் ஒன்றுமில்லை. மகள் நோட்டில் முதல் இரண்டு சொற்களையும் அடித்துவிட்டார்.

சொட்டுநீரும் ஸ்டாரும்

மூன்றாவது சொல் எனர்ஜி எஃபிஷியன்ட், ஆற்றல் திறன். இதையும் ஆற்றல் சேமிப்பையும் பலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ஒரு தண்ணீர் முறையைத் தள்ளிப்போட்டால் அது சிக்கனம். அதே தென்னைக்குச் சொட்டுநீர் போட்டு, குறைந்த தண்ணீரில் அதே காய்ப்பை எடுத்தால் அது திறன். விளக்கை அணைப்பது சிக்கனம்; அதே வெளிச்சத்தைக் குறைந்த கரண்டில் தரும் விளக்கைப் போடுவது திறன்.

இங்கே அளவு, எல்லோருக்கும் தெரிந்த யூனிட்தான். 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். பி.எல்.டி.சி. என்று விற்கும் புது வகை ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். அதே 12 மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஒரு ஃபேனில் 32 யூனிட் மிச்சம். யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின் விலையும் கூடுகிற நம் மின் கட்டண முறையில், மேல்படியில் இருக்கும் யூனிட்டுகள்தான் முதலில் குறையும். ஃபேன் வாங்கும்போது பெட்டியில் எத்தனை வாட் என்று பார்ப்பது இதற்காகத்தான்.

ஸ்டார் முத்திரையைத் தருவது 2002இல் அமைக்கப்பட்ட மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம். ஸ்டாரைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஒரே வகை, ஒரே அளவுச் சாதனங்களுக்குள்தான் அந்த ஒப்பீடு செல்லும். ஐந்து ஸ்டார் போட்ட பெரிய பிரிட்ஜ், மூன்று ஸ்டார் போட்ட சின்ன பிரிட்ஜைவிட அதிகக் கரண்ட் இழுக்கலாம். இரண்டு, தரத்தின் அளவுகோலை அவ்வப்போது உயர்த்துகிறார்கள். பழைய வருஷத்து ஐந்து ஸ்டார், புது அளவுகோலில் ஐந்தாக இருக்காது. அதனால் முத்திரையில் ஸ்டாருக்கு அருகே அச்சிட்டிருக்கும் வருஷத்தையும், ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்ற எண்ணையும் படிக்க வேண்டும். கடைக்காரர் ஸ்டாரைக் காட்டுவார். யூனிட்டை நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

ஏ.சி.யில் வரும் 'டன்' பெட்டியின் எடையல்ல. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது சுற்றியுள்ள சூட்டை எவ்வளவு இழுக்குமோ, அந்த வேகத்தில் அறையின் சூட்டை வெளியேற்றும் திறன் என்று பொருள். ஐஸ் கட்டியால் குளிரூட்டிய காலத்து அளவு, இன்னும் மாறாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மோட்டாருக்கும் இதே கணக்குத்தான். ஒரு ஹெச்.பி. என்பது 746 வாட். 5 ஹெச்.பி. மோட்டார் தண்டில் தரும் வேலை 3.73 கிலோவாட், உள்ளே இழுக்கும் கரண்ட் அதைவிடக் கூடுதல். திறன் 80 சதவீதம் என்றால் மணிக்கு 4.6 யூனிட்டுக்கு மேல் ஆகும். மூன்று முறை காயில் கட்டிய பழைய மோட்டார் இன்னும் அதிகம் இழுக்கும். விவசாய இணைப்புக்குக் கட்டணம் இல்லை என்பதால் இதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் சோலார் பம்புக்கு மாறும்போது கணக்கு கண்ணுக்குத் தெரியும். அங்கே ஒவ்வொரு வாட்டுக்கும் பேனல் வாங்கியாக வேண்டும். 5 ஹெச்.பி. சோலார் பம்புக்குப் பொதுவாக 4,800 வாட் பேனல் தேவைப்படுவதன் காரணம் இதுதான்.

தலைக்கு மேலே ஓடும் இஸ்திரிப் பெட்டி

அந்த வீட்டு அப்பத்தாவுக்கு எண்பது வயது. பக்கத்துத் தெருவில் மகள் வீட்டில் காங்கிரீட் தளம். சித்திரை, வைகாசியில் அங்கே போனால் ஒரு ராத்திரிகூடத் தங்கமாட்டார். "ஏப்பா, அது வீடா? ராத்திரி ஒன்பது மணிக்கு மேலதான் அடுப்பு பத்துது" என்பார். புது வீடு கட்டுவதில் அவருக்கு இருந்த பயம் அதுதான். எஸ்டிமேட்டில் வந்த நான்காவது, ஐந்தாவது சொற்கள் அப்பத்தாவின் இந்தப் பேச்சுக்கு விளக்கம்.

யூ வேல்யூ என்பதை யூ மதிப்பு என்று சொல்லலாம். ஒரு சுவர் அல்லது கூரையின் இரண்டு பக்கத்துக்கும் ஒரு டிகிரி வெப்ப வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் சூடு உள்ளே கடக்கிறது என்பதே அந்த எண். எண் குறையக் குறைய நல்லது. மேலே எதுவும் போடாத வெறும் காங்கிரீட் தளத்துக்கு இது 3க்கு மேல், சுமார் 3.5 இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழக அரசு 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் வீடு 360 சதுர அடி. அதாவது 33 சதுர மீட்டருக்குச் சற்று மேல். அந்த அளவுக்கு வெறும் காங்கிரீட் கூரை, மேலுக்கும் உள்ளுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 33 × 3.5 × 10. ஏறத்தாழ 1,150 வாட். ஒரு இஸ்திரிப் பெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போல. சித்திரை வெயிலில் தளம் இதைவிட அதிகமாகவே சுடும்.

மத்திய அரசு 2018 டிசம்பரில் வெளியிட்ட 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்புக் கட்டட விதித்தொகுப்பு, கூரையின் யூ மதிப்பு 1.2க்கு மேல் போகக் கூடாது என்கிறது. பெரிய குடியிருப்புகளை மனதில் வைத்து எழுதிய விதி அது; கிராமத்து வீட்டை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் அளவுகோல் எல்லோருக்கும் பொதுதானே. 1.2 என்றால் அதே 360 சதுர அடியில் 1,150 வாட் 400 வாட்டாகிவிடும்.

இதை எப்படிக் கொண்டுவருவது? நம் பக்கத்தில் வழக்கமாகத் தளத்தின் மேல் போடும் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, அதற்கு மேல் தட்டோடு ஆகியவை மழைக்கும் காப்பு, வெயிலுக்கும் ஓரளவு காப்பு. ஆனால் அது மட்டும் 1.2க்குக் கொண்டுவராது. அதற்கு அடியில் ஒரு அங்குல கனத்தில் அடர்த்தியான காப்புப் பலகை (தெர்மாக்கோல் இனத்தைச் சேர்ந்தது, ஆனால் மிதித்தால் நசுங்காதது) விரித்தால் வந்துவிடும். என்ஜினீயரின் பேக்கேஜில் உண்மையிலேயே பணம் பெறும் பொருள் இது ஒன்றுதான். ஆனால் அதன் கனம் எவ்வளவு, அடர்த்தி எவ்வளவு என்று எழுதாமல் 'இன்சுலேஷன்' என்று மட்டும் இருந்தது.

சுவருக்கும் இதே எண் உண்டு. 9 அங்குலச் செங்கல் சுவருக்கு ஏறத்தாழ 2. ஒன்றரை அடி மண்சுவருக்கு அதைவிடக் குறைவு. 8 அங்குல ஏ.ஏ.சி. பிளாக் என்றால் 1க்கும் கீழே. 6 அங்குலக் காங்கிரீட் பிளாக் சுவர் கிட்டத்தட்ட வெறும் தளத்தைப் போலவே சூட்டைக் கடத்தும். விலை குறைவு என்று அதை மேற்குச் சுவருக்குப் போடுகிறவர்கள் சாயங்காலம் சுவரில் கைவைத்துப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள்.

யூ மதிப்பு சூடு கடக்கும் அளவைச் சொல்கிறது. எப்போது வந்து சேரும் என்பதைச் சொல்வது தெர்மல் மாஸ், வெப்பத் தேக்கம். கனமான பொருள் சூட்டை முதலில் தனக்குள் வாங்கி நிறைத்துக்கொள்ளும். பிறகுதான் அடுத்த பக்கம் விடும். ஒன்றரை அடி மண்சுவரில் மத்தியான வெயில் உள்பக்கம் வந்து சேர நடுராத்திரி ஆகும். அதற்குள் வெளியே காற்று குளிர்ந்துவிடும். ஜன்னல் திறந்திருந்தால் வந்த சூடு போய்விடும். காங்கிரீட் தளம் 4, 5 அங்குலம்தான். பகல் முழுக்க நேர் வெயிலைக் குடித்துவிட்டு, சரியாகப் படுக்கும் நேரத்தில் கீழே இறக்கும். அப்பத்தா சொன்ன 'ஒன்பது மணி அடுப்பு' இதுதான்.

நாட்டு ஓடு இரண்டிலும் சேராது. மத்தியானம் ஓட்டு வீடு சூடாகத்தான் இருக்கும். ஆனால் ஓடு மெல்லியது. வெயில் தாழ்ந்த அரை மணியில் ஆறிவிடும். இடுக்கு வழியாகச் சூடான காற்றும் மேலே போய்விடும். மண்சுவரும் ஓடும் சேர்ந்த வீட்டில் ராத்திரி தூக்கம் வருவதற்கு இந்தச் சேர்க்கையே காரணம். பழைய ஆட்கள் யூ மதிப்பைக் கணக்கிடவில்லை. படுத்துப் பார்த்துக் கட்டினார்கள்.

தேக்கிய சூடு வெளியேறக் காற்று வேண்டும். அதே விதித்தொகுப்பில் இதற்கும் எண் இருக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பகுதிகளில், திறக்கக்கூடிய ஜன்னல், வென்டிலேட்டர் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 10க்கு 12 அறை 120 சதுர அடி. அதற்கு 20 சதுர அடித் திறப்பு. 4க்கு 4 ஜன்னலும் 2க்கு 2 வென்டிலேட்டரும் போட்டால் கணக்கு சரி. ஆனால் 'திறக்கக்கூடிய' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும். 16 சதுர அடி ஜன்னல் 8 ஆகிவிடும். எஸ்டிமேட்டில் எல்லாமே ஸ்லைடிங்.

மலையடிவார ஊர்களுக்கு இதில் ஒரு சிக்கலும் உண்டு. ஆனி, ஆடியில் காற்று மேற்கே இருந்து வருகிறது. மத்தியானத்துக்கு மேல் வெயிலும் மேற்கே இருந்துதான் வருகிறது. மேற்கே ஜன்னல் வைத்தால் வெயில். வைக்காவிட்டால் காற்று இல்லை. ஜன்னலை வைத்து, அகலமான சன்ஷேடும் பத்தடி தள்ளி ஒரு வேம்பும் வைப்பதுதான் வழி. தென்னை இதற்கு உதவாது. நிழல் உச்சியில் இருக்கும், சாய்ந்த வெயில் அடிமரத்தின் இடையே புகுந்து வந்துவிடும்.

வெள்ளை அடிப்பது

கூல் ரூஃப் என்பது வேறொன்றுமில்லை. வெயிலைத் திருப்பி அனுப்பும் மொட்டை மாடி. இதற்கான எண் எஸ்.ஆர்.ஐ. கறுப்புப் பரப்புக்கு 0, வெள்ளைப் பரப்புக்கு 100 என்று வைத்த அளவுகோல். வெள்ளை ஓடு, வெள்ளைப் பூச்சு, சுண்ணாம்பு எல்லாம் இதில் உயர்ந்த எண்கள். பழகிக் கறுத்த காங்கிரீட் தாழ்ந்த எண். யூ மதிப்பு உள்ளே கடக்கும் சூட்டைக் குறைக்கும். எஸ்.ஆர்.ஐ. சூடு ஏறுவதையே குறைக்கும்.

சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து மூன்று கோட் அடித்தால் மலிவாக முடியும். மழையில் கரையும் என்பதால், ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மாசி கடைசியில் அடிப்பது நல்லது. கோடை முழுக்க நிற்கும். விலை கூடிய பூச்சு கூடுதல் காலம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் தூசி படிந்தால் அதன் எண்ணும் இறங்கும். வருஷம் ஒருமுறை கழுவ வேண்டும்.

எஸ்டிமேட்டில் இந்தக் கூல் பெயிண்டை உள்சுவருக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். வெயில் படாத இடத்தில் அதற்கு என்ன வேலை? அந்த வரியை யாரும் விளக்கவில்லை; அடித்துவிட்டார்கள்.

தென்னை வைத்திருப்பவருக்கு இன்னொரு வழியும் உண்டு. மாடியில் நாலு கம்பு நட்டுக் கிடுகுப் பந்தல் போட்டால், தளத்தில் நேர் வெயிலே விழாது. தீ பயம் உள்ள இடத்திலும் அடுப்புப் புகைபோக்கி அருகிலும் வேண்டாம். மற்றபடி, பேக்கேஜில் இடம்பெறாத இந்தப் பந்தல், அதில் இடம்பெற்ற பலவற்றைவிட நன்றாக வேலை செய்யும்.

பால்கோவாவுக்குள் இருக்கும் விறகு

எம்பாடிட் எனர்ஜி என்ற சொல்தான் அந்த வீட்டில் எல்லோரையும் நிறுத்தியது. 'உள்ளடங்கிய ஆற்றல்' என்று மொழிபெயர்த்தாலும் புரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். கடையில் வாங்கும் பால்கோவாப் பெட்டியில் பாலும் சர்க்கரையும்தான் தெரிகிறது. ஆனால் அந்தப் பாலை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சிய விறகும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விலையில் இருக்கும். செங்கல்லுக்குள் சூளை விறகு, சிமெண்டுக்குள் நிலக்கரி, கம்பிக்குள் உலையின் நெருப்பு. ஒரு பொருளை எடுத்து, சுட்டு, லாரியில் ஏற்றி வாசலில் இறக்கும் வரை செலவான ஆற்றல் எல்லாம் சேர்ந்ததே இது. வீட்டில் குடிவந்த பிறகு ஃபேனுக்கும் விளக்குக்கும் ஆவது வேறு கணக்கு.

சிமெண்டைப் பற்றி இந்தப் பக்கத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய சிமெண்ட் நிறுவனத்தின் ஊர் ராஜபாளையம். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரியில் சுட்டுத்தான் சிமெண்டுக்கான கிளிங்கர் எடுக்கிறார்கள். எரிக்கும் நிலக்கரியிலிருந்து கரியமில வாயு வருவது ஒருபக்கம். கல்லுக்குள்ளேயே அடைந்திருக்கும் கரியமில வாயு சூட்டில் வெளியேறுவது இன்னொரு பக்கம். மூட்டையில் பி.பி.சி. என்று போட்ட சிமெண்டில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருப்பதால் கிளிங்கரின் அளவு குறைவு. அதனால் உள்ளடங்கிய ஆற்றலும் குறைவு. சாதாரண வீட்டு வேலைக்கு அது போதும். நீராற்றுவதில் மட்டும் அவசரப்படக் கூடாது.

செங்கல்லைக் குறைக்க ஒரு நல்ல வழியைப் பிரபலமாக்கியவர் கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் காலியிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. 9 அங்குலச் சுவரில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவில் நிற்கும் காற்று சூட்டையும் தடுக்கும். ஆனால் பழகிய கொத்தனார் வேண்டும். வயர் போகும் பாதையை முன்னாடியே முடிவு செய்ய வேண்டும். பிறகு சுவரைக் கொத்தக் கூடாது.

இன்னொன்று, சுடாத கல். செவல் மண்ணில் 5 சதவீதம் போலச் சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, நீராற்றிக் காயவைத்த மண் கல். ஆரோவில்லில் உள்ள மண் கட்டட நிறுவனம் பல ஆண்டுகளாக இதைக் கற்றுத்தருகிறது. அவர்கள் கணக்குப்படி, சூளையில் சுட்ட நாட்டுச் செங்கல்லுக்கு ஆகும் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இதற்கு ஆகிறது. இந்தக் கல்லால் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையத்துக்கு 1992இல், ஏழைகளுக்கான கட்டடக்கலைக்கென எகிப்துக் கலைஞர் ஹசன் ஃபாத்தி பெயரில் உள்ள விருது கிடைத்தது. மலையடிவாரச் செவல் மண்ணுக்கு இது ஒத்துவரும். சாத்தூர், சிவகாசிப் பக்கத்துக் கரிசலுக்கு ஒத்துவராது; ஈரத்தில் உப்பி, காய்ந்தால் வெடிக்கும் மண்ணில் சிமெண்ட் மட்டும் கலந்து கல் அறுக்க முடியாது.

மண்ணை எடுப்பதில் ஒரு எச்சரிக்கை. கல்லுக்கு வேண்டியது மேல்மண்ணுக்குக் கீழே உள்ள மண். வயலின் மேல் அரையடி, முக்கால் அடி மண்ணில்தான் மக்கும் உயிரும் இருக்கின்றன. அது கல்லுக்கும் ஆகாது. மக்கு இருந்தால் கல் பிடிக்காது. சூளைக்காரருக்கு மேல்மண்ணை விற்றுவிட்டு, அடுத்த மூன்று போகம் விளைச்சல் விழுந்ததைப் பார்த்துத் தலையில் கைவைத்த வயல்கள் எந்த வட்டாரத்திலும் இருக்கும். அந்த இழப்பை எந்த உள்ளடங்கிய கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை.

எல்லாவற்றையும்விடக் குறைந்த ஆற்றல் அடங்கிய சுவர் எது? ஏற்கெனவே நிற்கிற சுவர். அதற்குச் செலவழித்தாகிவிட்டது. மகள் இதைச் சொன்னபோது, அப்பா உள்ளூர்க் கொத்தனாரைக் கூப்பிட்டார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்தார், தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார், அடியில் கரையான் புற்று தோண்டினார்.

"சுவர் நூல் பிடிச்ச மாதிரி நிக்குது அண்ணாச்சி. போனது கூரைதான். முன்பக்கத்த ஏன் இடிக்கீங்க?"

அடிப்பக்கம் ஓரிடத்தில் ஈரம் ஏறியிருந்தது. சில வருஷங்களுக்கு முன்னால் யாரோ சொன்னார்கள் என்று சிமெண்ட் பூசிய இடம் அது. மண்சுவருக்குச் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவரையே அரிக்கும். அதைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் காரை பூசினால் போதும் என்றார். இடிப்பது 'பசுமை'யில் சேருமா என்று மகன் போனில் என்ஜினீயரைக் கேட்டதற்கு, அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மொய் நோட்டுக் கணக்கு

கடைசிச் சொல் நெட் ஜீரோ. ஒரு வருஷத்தில் மின்வாரியத்திடம் வாங்கிய யூனிட்டும், சோலார் பேனல் வழியாக மின்வாரியத்துக்குக் கொடுத்த யூனிட்டும் சமமாக இருந்தால் அந்த வீடு நெட் ஜீரோ. மொய் நோட்டு போல; வாங்கியது, வைத்தது, கழித்துப் பார்த்தால் பாக்கி இல்லை. கரண்டே பயன்படுத்தாத வீடு என்று பொருள் இல்லை. 2070க்குள் நெட் ஜீரோ என்று இந்தியா 2021இல் அறிவித்தது நாட்டின் கரியமில வாயுவைப் பற்றிய கணக்கு. வீட்டு மீட்டர் கணக்கோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பேனலின் கிலோவாட், உச்சி வெயிலில் தரும் திறன். அதை 24 மணி நேரத்தால் பெருக்கிச் சொல்லும் விற்பனையாளர்களும் இருக்கிறார்கள். நம் பக்கத்தில் ஒரு கிலோவாட் பேனல் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்ளலாம். 100 சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் அறிவிக்கப்பட்டது. எஸ்டிமேட்டில் மூன்று கிலோவாட் போட்டிருந்தது. அந்த வீட்டின் கரண்ட் அட்டையைப் புரட்டினால், இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்டைத் தாண்டியதில்லை. நாளுக்கு 3 யூனிட். ஒரு கிலோவாட்டே மிச்சம்.

இன்னொன்றையும் முன்னாடியே கேட்டுக்கொள்ள வேண்டும். மின்வாரிய லைனோடு இணைத்த, பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் ஆளுக்குப் பின்பக்கத்திலிருந்து கரண்ட் பாயக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். வெயில் கொளுத்தும் பகலில், மாடியில் பேனல் இருந்தும் ஃபேன் ஓடவில்லையே என்று இந்த இதழுக்கு வரும் கேள்விகளுக்கு விடை இதுதான். பேட்டரி சேர்ந்தது வேண்டுமென்றால் அதற்கு விலை வேறு.

புது எஸ்டிமேட் மாசி மாதம் வந்தது. முன்பக்க மண்சுவர் வீடு அப்படியே; ஓடு மட்டும் மாற்றிப் போடுவது. பின்னால் 360 சதுர அடியில் இரண்டு அறை, அடுக்களை. 'கிரீன் பேக்கேஜ்' என்ற தலைப்பே இல்லை. அதற்குப் பதிலாக மூன்று வரிகள்: கூரைக்கு ஒரு அங்குலக் காப்புப் பலகை, அதன் மேல் வெள்ளைத் தட்டோடு, கூரையின் யூ மதிப்பு 1.2க்குள், முழுதாகத் திறக்கும் ஜன்னல்கள், அறைக்கு 20 சதுர அடி, மேற்கு ஜன்னலுக்கு இரண்டரை அடி சன்ஷேடு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. சோலாரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவிட்டார்கள். கிணற்று வேலைக்குச் சித்திரையில் ஆள் சொல்லியாகிவிட்டது.

மொட்டை மாடி ஓட்டின் இடுக்குகளுக்கு மேல் அடிக்கச் சொன்ன பூச்சுக்கு எஸ்.ஆர்.ஐ. எவ்வளவு என்று எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் கம்பெனியிலிருந்து வாங்கித் தருவதாகச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது. அந்த ஒரு வரியை மட்டும் மகள் நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்.